பெண்களின் வைக்கோல் தொப்பி: மதுரை வெயிலிலும் மழையிலும் வரும் பழுதுகள், சரிசெய்யும் முறைகள்

அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பி மதுரைப் பெண்களிடையே இப்போது அரிய பொருளாக இல்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் வாங்கியது, வெளிநாட்டிலிருந்து மகள் கொண்டுவந்து கொடுத்தது, பெயர்பெற்ற வடிவமைப்பாளரின் முத்திரையைப் பார்த்து இணையத்தில் தருவித்தது என்று பல வீடுகளில் ஒன்றாவது இருக்கிறது. ஆனால் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்த பிறகு, வாங்கியபோது இருந்த வடிவத்தோடு இருக்கும் தொப்பிகள் மிகச் சிலவே. பங்குனியில் பழுதுபார்க்க வருபவை காய்ந்து ஒடிகின்றன. ஐப்பசி மழைக்குப் பின் வருபவை நமுத்துத் தொங்குகின்றன. அலமாரியில் வைத்தே கெட்டுப்போன தொப்பிகளும் அவற்றில் உண்டு.

தொப்பிக்கு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை ஈரம் மிகுவதாலோ குறைவதாலோ வருபவை. ஆகவே சரிசெய்வது என்பது பெரும்பாலும் ஈரத்தை அளவாகக் கொடுப்பதும் அளவாக எடுப்பதுமே ஆகும். ஒரு நாருக்கு உயிர் கொடுக்கும் ஈரம் இன்னொரு நாரைக் கரைத்துவிடும் என்பதால், எந்தப் பழுதைத் தொடுவதற்கும் முன்பாகத் தொப்பி எதனால் ஆனது என்பதை அறிந்தாக வேண்டும்.

முதலில் நாரை அறிதல்

கடைகளில் வைக்கோல் தொப்பி என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஐந்தாறு வெவ்வேறு பொருள்களால் செய்யப்படுகின்றன. ராஃபியா என்பது ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து உரிக்கப்படும் நார். அதற்குப் பேர்போன இடம் மடகாஸ்கர். மென்மையாகவும் பளபளப்பின்றியும் இருக்கும் இந்த நார், கையில் கசக்கினாலும் ஒடியாது. பனாமா தொப்பி என்று அழைக்கப்படுவது உண்மையில் ஈக்குவடார் நாட்டில் டோகீயா என்னும் செடியின் இலையிலிருந்து எடுத்த நாரால் நெய்யப்படுவது. அந்த நெசவுக்கலையை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு மரபுப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கோதுமைத் தாளைத் தட்டையாகப் பின்னி, அந்தப் பின்னலைச் சுருள் சுருளாகத் தைத்துச் செய்யும் தொப்பி இயற்கையாகவே மினுமினுக்கும், எளிதில் முறியும். காகிதத்தை நூலாக முறுக்கி நெய்தவையும் உண்டு. விலை உயர்ந்த தொப்பிகளிலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது என்பதால், முத்திரையைப் பார்த்து நாரை முடிவு செய்யக் கூடாது. இவற்றோடு பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆன தொப்பிகளும் சந்தையில் நிறைய உள்ளன.

உள்பக்கம் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டில் பொருளின் பெயர் பெரும்பாலும் இருக்கும். அது கிழிந்து போயிருந்தால், நெற்றியைத் தொடும் உள்பட்டையைச் சற்றே விலக்கி, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் இழையில் ஒரு சிறு துண்டைக் கத்தரித்து எடுத்துத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். காகிதமாயின் முறுக்கு அவிழ்ந்து, விரலால் இழுத்ததும் பிய்ந்துவிடும். ராஃபியாவும் மற்ற இலைநார்களும் ஊறியபின் முன்னைவிட நன்றாக வளைந்து கொடுக்கும். எந்த மாற்றமும் இல்லையென்றால் அது பிளாஸ்டிக்காக இருக்கலாம். மற்றொரு துண்டை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தால் உறுதியாகும். தாவர நார் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து சாம்பலாய் உதிரும். பிளாஸ்டிக் உருகி, ஆறியபின் கெட்டியான உருண்டையாக நிற்கும். இந்தச் சோதனைக்குச் செலவாகும் கால் மணி நேரத்தை யாரும் மிச்சம்பிடிக்க எண்ண வேண்டாம். சீர்செய்ய முயன்று பாழான தொப்பிகளில் பாதிக்கு மேற்பட்டவை காகிதத் தொப்பியை ராஃபியா என்று நம்பித் தண்ணீரில் நனைத்தவையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

விளிம்பு அலை அலையாக நெளிந்திருக்கிறது

இதுவே மிகுதியாக வரும் பழுது. பயணத்தில் பெட்டிக்குள் மடித்து வைத்தது, இரண்டு சக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் திணித்தது, ஆணியில் மாதக்கணக்கில் தொங்கவிட்டது ஆகிய மூன்றுமே இந்த நெளிவைத் தரும். இலைநார் எந்த நிலையில் காய்கிறதோ அந்த வளைவையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. அதனால் அந்த நாரை மீண்டும் நனைத்து, நாம் விரும்பும் நிலையில் வைத்துக் காயவிடுவதே தீர்வு. வெறுமனே மேலே புத்தகங்களை அடுக்கி அழுத்துவதால் நெளிவு போகாது. காய்ந்த நார் அந்தப் பாரத்தில் முறிவதற்கே வாய்ப்பு அதிகம்.

ராஃபியாவுக்கும் மற்ற இலைநார்களுக்கும் நீராவி கொடுக்க வேண்டும். துணிகளுக்கான கையடக்க ஸ்டீமர் இருந்தால் நல்லது. கெட்டிலில் கொதிக்கும் நீரின் ஆவியும் போதும். குக்கரின் ஆவியைக் காட்டுவது கைக்கும் முகத்துக்கும் ஆபத்து. அது வேண்டவே வேண்டாம். ஆவி வரும் வாய்க்கும் தொப்பிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, நெளிந்த பகுதியைச் சில விநாடிகள் காட்டி எடுத்தால், நார் விரலுக்கு இளகித் தெரியும். அந்த நிலையில் விளிம்பை மேசைமேல் விரித்து, வெள்ளைப் பருத்தித் துணியால் மூடி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவ வேண்டும். நெளிவு ஆழமாக இருந்தால், பட்டுக்குரிய சூட்டில் வைத்த இஸ்திரிப் பெட்டியை அந்தத் துணியின் மேல் வைத்து வைத்து எடுக்கலாம். தேய்த்து இழுத்தால் பின்னல் நீண்டு, நெளிவு முன்னைவிடப் பெரிதாகும். ஒரே நேரத்தில் முழு விளிம்பையும் ஆவியில் காட்ட முயலாமல், கையகலப் பகுதி ஒன்றை முடித்து அடுத்ததற்குச் செல்வதே சரியான முறை.

நீவியதும் வேலை முடிந்ததாக எண்ணித் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவோர் உண்டு. அரைகுறை ஈரத்தோடு இருக்கும் நார், தலையில் இருக்கும் நேரத்தில் காற்றுக்கும் ஈர்ப்புக்கும் ஏற்ற புது நெளிவைப் பெற்றுவிடும். தலைப்பகுதி கீழேயும் விளிம்பு மேலேயும் இருக்குமாறு கவிழ்த்து, விளிம்பு எதன்மீதும் படாமல் நிறுத்தி, நிழலில் ஓர் இரவு முழுவதும் காயவிட வேண்டும். இதற்கு விலை கொடுத்துத் தாங்கி வாங்கத் தேவையில்லை. தண்ணீர்க் குடம் சுமக்கத் துணியைச் சுருட்டி வளையமாக்கும் சும்மாடு ஒன்றைச் சற்று உயரமாகக் கட்டி, அதன் நடுவில் தலைப்பகுதியை இறக்கி வைத்தால், தொப்பி அசையாமல் நிற்கும், உச்சியும் நசுங்காது. அன்றாடம் வைப்பதற்கும் இதுவே நல்ல இருக்கை.

ஆவிக்குப் பயன்படுத்தும் நீரைப் பற்றி ஒரு சொல். மதுரையில் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. அதை ஸ்டீமரில் ஊற்றினால் நீர்த்துளியோடு தெறிக்கும் உப்பு, கறுப்பும் பழுப்புமான நார்களில் வெண்புள்ளியாகத் தங்கிவிடும். குடிக்கும் சுத்திகரித்த நீரை ஊற்றுவதே நலம். பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீர் இன்னும் நல்லது.

காகிதத் தொப்பிக்கு ஆவி மிகக் குறைவாகவே காட்டப்பட வேண்டும். மேற்பரப்பு வெதுவெதுப்பானதும் நிறுத்திவிட்டு, துணி போட்டு மிதமான இஸ்திரியால் அழுத்துவது போதும். நீர்த்துளி சொட்டும் ஸ்டீமரை அதன் அருகே கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டிக் தொப்பி ஈரத்துக்கு இளகாது, சூட்டுக்குத்தான் இளகும். ஆகவே முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்டி, இளகியதும் தட்டையாகப் பிடித்து ஆறவிட வேண்டும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பின்னல் ஒன்றோடொன்று ஒட்டி மினுங்கும் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பை நீக்க வழியே இல்லை.

விளிம்பு தொங்கிக் கண்ணை மறைக்கிறது

நெளிவுக்கும் தொங்கலுக்கும் காரணம் வேறு. பல தொப்பிகளில் நாருக்கு விறைப்பூட்ட ஒரு பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள்; வியர்வையிலும் மழையிலும் அது கரைந்து போனதும் விளிம்பு தன் பாரத்தைத் தாங்க முடியாமல் சரியும். கொடைக்கானல் பனியில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்த தொப்பி மதுரையில் இறங்கிக் காய்ந்ததும் தானே நிமிர்ந்துவிட்டால், பூச்சு இன்னும் இருக்கிறது என்று பொருள்; அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். காய்ந்த பின்னும் சரிந்தே இருந்தால் மட்டும் கீழ்க்காணும் வேலையில் இறங்கலாம்.

முதலில் விளிம்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் கம்பி ஓடினால், அது எங்கேனும் மடங்கியோ, அதன் இரு முனைகளையும் இணைக்கும் சிறு குழாயிலிருந்து நழுவியோ இருக்கக்கூடும். ஓரத் தையலில் ஒரு விரற்கடை அளவு பிரித்து, கம்பியை மீண்டும் குழாய்க்குள் செருகித் தைத்தால் விளிம்பு உடனே நிமிரும். கம்பி இல்லாத இயற்கை நார்த் தொப்பிக்கு ஜெலட்டின் கரைசல் உதவும். கடைகளில் கிடைக்கும் வெறும் ஜெலட்டின் தூளை வெந்நீரில் மிக நீர்க்கக் கரைத்து, தூரிகையால் விளிம்பின் அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லப் பூசி, சும்மாட்டில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஒருமுறை பூசி விறைப்பு போதவில்லையென்றால் காய்ந்தபின் இன்னொருமுறை பூசலாம். முதலிலேயே கெட்டியாகப் பூசினால் நார் கண்ணாடி போல விறைத்து முறியும். சேலைக்குப் போடும் சோற்றுக்கஞ்சியைத் தொப்பிக்கும் போடலாமா என்று கேட்போருக்கு என் பதில், கூடாது என்பதே. விறைப்பு நன்றாகவே வரும். ஆனால் மாவுச்சத்தைத் தேடி இராமபாணப் பூச்சியும் வரும். ஜெலட்டினும் பூச்சிக்கு உணவுதான் என்றாலும், மிக நீர்க்கப் பூசுவதால் தீங்கு குறைவு. காகிதத் தொப்பிக்கு நீர்க் கரைசல் எதுவும் ஆகாது. ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைப்பதே வழி.

தலைப்பகுதியின் முன்மடிப்பில் கீறல் விழுந்திருக்கிறது

தொப்பியைக் கழற்றும்போது உச்சியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கும் பழக்கமே இதற்குக் காரணம். மதுரையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சித்திரை, வைகாசி மாதங்களில் நார் தன் ஈரத்தை இழந்து, ஒவ்வொரு கிள்ளலிலும் ஓர் இழை முறிகிறது. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் தொப்பியை வைத்தால் இந்த உலர்தல் மிக விரைவாக நடக்கும். குளிர்சாதன அறையும் மெதுவாக இதையே செய்கிறது. தொப்பியை விளிம்பில் இரண்டு கையாலும் பிடித்து எடுக்கப் பழகுவது முதல் மருந்து.

கீறலைத் தைப்பதற்கு முன் நாரை இளக்க வேண்டும். நன்றாகப் பிழிந்த ஈரத்துண்டால் தொப்பியைச் சுற்றி ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால், இலைநார் தேவையான ஈரத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு கீறலின் உள்பக்கத்தில், அதைவிட ஒரு விரற்கடை பெரிதான மெல்லிய பருத்தித் துணியையோ வலைத்துணியையோ வைத்து, நாரின் நிறத்தில் நூல் கோத்த மெல்லிய ஊசியால் தைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: ஊசி இழைகளுக்கு இடையில் நுழைய வேண்டுமேயன்றி இழையைத் துளைக்கக் கூடாது. துளைத்த இழை அந்தத் துளையிலேயே மறுபடியும் பிளக்கும். தைத்தபின் துணியின் விளிம்புகளை நீர்த்த வெள்ளைப் பசையால் ஒட்டிவிடலாம். விரைவாக ஒட்டும் கெட்டிப் பசை நாரைக் கல்லாக்கி, பக்கத்தில் புதுக் கீறலை உண்டாக்கும்.

இழைகள் காணாமலே போய் ஓட்டை விழுந்திருந்தால், அதே வகை நாரை உள்ளே கோத்து நெய்ய வேண்டும். ராஃபியா கைவினைப் பொருள் கடைகளில் கட்டாகக் கிடைக்கிறது. பனையோலைத் தொப்பியாக இருந்தால் நாம் கொடுத்துவைத்தவர்கள். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடையும் பெண்களின் கைக்கு இது சின்ன வேலை. குருத்தோலையை மெல்லிய கீற்றாக வகிர்ந்து, ஊறவைத்து, பழைய பின்னலின் போக்கிலேயே செருகி முடைந்து தருவார்கள். அந்தக் கைவேலைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். நூலும் பசையும் எட்டாத நேர்த்தி அதில் இருக்கிறது.

இறுக்குகிறது, அல்லது காற்றில் பறக்கிறது

காதுக்கு ஒரு விரல் மேலே, புருவத்துக்கு மேல் நெற்றியின் நடுவழியாக நாடாவைச் சுற்றி அளந்தால் தலையின் அளவு சென்டிமீட்டரில் கிடைக்கும்; வெளிநாட்டுத் தொப்பிகளில் நடுத்தர அளவு பெரும்பாலும் 57 என்பதை ஒட்டியிருக்கும். ஆனால் அந்த அளவு கொண்டை போட்ட தலைக்கு உரியதன்று. கொண்டையும் அதில் சுற்றிய மல்லிகைச் சரமும் பின்னால் தொப்பியைத் தூக்கிவிட, அது முன்னால் சரிந்து நெற்றியை அழுத்தும். பலரும் இதைத் தொப்பி சிறிது என்று தவறாகக் கொள்கிறார்கள். தொப்பி அணியும் நாளில் பின்னலைத் தாழ்த்தி, பூவைப் பிடரிக்குக் கீழே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் இறுக்கம் போய்விடும். பூவுக்கு மேல் தொப்பியை அழுத்தி வைப்பதில் இன்னொரு கேடும் உண்டு: வாடிய மல்லிகை பழுப்புக் கறையை நாரில் விட்டுச் செல்லும்.

உண்மையிலேயே சிறிதாக இருந்தால், உள்பட்டையின் ஓரம் இளகும் அளவுக்கு ஆவி காட்டி, தலையைவிடச் சற்றே பெரிய வட்டமான எவர்சில்வர் தூக்கின் மேல் கவிழ்த்துக் காயவிடலாம். இதனால் அரை சென்டிமீட்டரோ ஒன்றோ கூடும். அதற்கு மேல் எதிர்பார்த்து இழுத்தால் உள்பட்டையின் தையல் அறும். பெரிதாக இருப்பதைச் சரிசெய்வது எளிது. உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப்பட்டையைச் செருகினால் போதும்.

பறப்பதைத் தடுக்கத் தாடைக்கு நாடா தைக்கும்போது, அதை நாரில் தைக்காமல் உள்பட்டையில் தைக்க வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் போகும்போது இந்தத் தொப்பியை அணியவே கூடாது. அங்கே தலைக்கு உரியது ஹெல்மெட் ஒன்றுதான். தொப்பியை நாடாவால் முதுகில் தொங்கவிட்டுச் செல்லலாம்.

உள்பட்டையில் எண்ணெய்க் கறையும் உப்புக் கோடும்

தலைக்கு எண்ணெய் வைக்கும் ஊரில் இது தவிர்க்க முடியாதது. தேங்காய் எண்ணெய் நெடுநாள் கெடாமல் இருப்பதால் அதன் கறை ஓரளவு எளிதாக வெளியேறும். நல்லெண்ணெய் காற்றில் பட்டுப் பிசுபிசுத்து மஞ்சளாகி நாரோடு ஒட்டிக்கொள்ளும். புதிய கறையின்மேல் முகப்பவுடரைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, மென்மையான பல்துலக்கியால் தட்டி உதிர்க்க வேண்டும். எஞ்சியதை, குழந்தைகளுக்கான ஷாம்பூவின் நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, உடனே நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கறையை எடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவை தொப்பியின் பசையைக் கரைக்கும், தீப்பற்றும், நெற்றித்தோலை எரிக்கும்.

வியர்வை காய்ந்து படியும் வெள்ளைக் கோடு உப்பு. அதை நல்ல நீரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்றினால் போய்விடும். வீடு திரும்பியதும் உள்பட்டையை வெளிப்புறமாகத் திருப்பி மின்விசிறியின் கீழ் கால் மணி நேரம் வைத்தால், இந்தக் கோடு நாருக்குள் இறங்கவே இறங்காது. நெற்றியில் அரிப்பும் தடிப்பும் வந்தால், உள்பட்டையைப் பிரித்துத் துவைக்க வேண்டும். துவைத்த பின்னும் வந்தால் பட்டையின் சாயமோ தோல் பதனிட்ட பொருளோ ஒவ்வாமல் இருக்கலாம். பருத்திப் பட்டையாக மாற்றித் தைத்தும் அரிப்பு நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நிறம் மாறுகிறது, அல்லது சாயம் ஒட்டுகிறது

இயற்கை நார் வெயில் பட்டுப் பழுப்பேறுவது அதன் இயல்பு. அதைப் பழுது என்று நான் கருதுவதில்லை. சீராகப் பழுத்த ராஃபியாவுக்குப் புதியதில் இல்லாத ஓர் அழகு உண்டு. திட்டுத் திட்டாக மாறியிருந்தால் மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து, கையுறை அணிந்து, முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பிறகு ஒற்றலாம். இது சாயம் ஏற்றாத இலைநாருக்கு மட்டுமே உரியது. துணி வெளுக்கும் குளோரின் ப்ளீச் நாரை வெளுக்காது. மஞ்சளாக்கி நலிவடையச் செய்யும்.

தொப்பியைச் சுற்றிச் சுங்குடித் துணியைப் பட்டையாகக் கட்டும் அழகான வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் பழுப்பு நாரின் மேல் எடுப்பாகத் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் புதுத்துணியைத் துவைக்காமல் கட்டினால் வியர்வையிலும் தூறலிலும் சாயம் நாருக்குள் இறங்கிவிடும். நாரில் இறங்கிய சாயத்தை வெளியே எடுக்க முடியாது. துணியைத் தனியாக, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, கஞ்சியும் போனபின் காயவைத்துக் கட்ட வேண்டும். ஒட்டாமல் நான்கு இடங்களில் நூலால் பிடித்துவிட்டால், வேண்டும்போது கழற்றித் துவைக்கலாம்.

பூஞ்சையும் பூச்சியும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் உறைக்குள் மூடிவைத்த தொப்பியில் சாம்பல் நிறப் புள்ளிகளும் ஈரவாடையும் தோன்றும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நின்று தூரிகையால் தட்டி, வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் ஒரு மணி நேரமும் பிறகு மின்விசிறிக் காற்றிலும் காயவைக்க வேண்டும். பெராக்சைடு போட்ட அன்றே வினிகரைத் தொடக் கூடாது. இரண்டும் கலந்தால் எரிச்சலூட்டும் அமிலமாகும். பருத்திப் பையில் வைத்து, மருந்துப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை உடன் போட்டு வைப்பது நல்லது.

விளிம்பில் அரித்த தடம் தெரிந்தால் இராமபாணம். தொப்பிக்கு அடியில் மாவு போன்ற தூள் விழுந்தால் வண்டு. இரண்டுக்கும் நச்சு மருந்து தேவையில்லை. காய்ந்த தொப்பியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இடம் இருந்தால் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர்த்திவலை நாரிலேயே படியும். நாப்தலீன் உருண்டையைத் தலையில் அணியும் பொருளோடு வைப்பதை நான் ஏற்பதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது அறவே கூடாது. நிழலில் நன்றாகக் காயவைத்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். பச்சை இலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும்.

தொப்பி போட்டும் முகம் கறுக்கிறது

இந்தக் குறையைச் சொல்வோர் பலர்; தொப்பியின் அழகு எப்படி இருந்தாலும் அதன் முதல் வேலை இதுதான் என்பதால் இதை நான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய பழுதாகக் கருதுகிறேன். தொப்பியை வெயிலில் தரைக்குச் சற்று மேலே பிடித்து, அதன் நிழலைப் பார்க்க வேண்டும். நிழலுக்குள் ஒளிப்புள்ளிகள் நிறையத் தெரிந்தால், பின்னலின் வழியே புற ஊதாக் கதிரும் அவ்வாறே இறங்குகிறது. யூ.பி.எஃப் 50 என்று சீட்டில் இருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு கதிர் மட்டுமே ஊடுருவும் என்று பொருள். அலங்காரத் துளைப் பின்னல் உள்ள தொப்பி அந்த அளவை எட்டுவது கடினம். இதற்கு மாற்று, விளிம்பின் அடியில் நெருக்கமாக நெய்த கருநிறப் பருத்தித் துணியை வட்டமாக வெட்டித் தைப்பது. கருநிறம் தரையிலிருந்து மேலெழும் ஒளியால் வரும் கண்கூச்சத்தையும் குறைக்கும்.

விளிம்பின் அகலம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் உச்சிப்பொழுதில் நேர் தலைக்கு மேலே வருகிறது. அந்த நேரத்தில் இந்த அகலம் முகத்தையும் கழுத்தையும் மூடும். ஆனால் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கதிர் சாய்வாக வந்து எந்த விளிம்புக்கும் அடியில் நுழைந்துவிடும். எதிரொளிப்பும் உண்டு. காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தனுஷ்கோடி மணலில் நிற்பவரின் தாடையும் மூக்கின் அடிப்பக்கமும் கறுப்பது இதனால்தான். அங்கே தொப்பியோடு சன்ஸ்கிரீன் களிம்பும் வேண்டும்.

ஓரத் தையல் பிரிகிறது

சுருளாகத் தைத்த பின்னல் தொப்பிகளில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வட்டம் வட்டமாகப் பிரிந்துகொண்டே போகும்; ஆகவே கண்ட அன்றே நிறுத்த வேண்டும். தொங்கும் பின்னலைக் கத்தரிக்காமல், பழைய இடத்திலேயே பொருத்தி, குண்டூசிகளால் பிடித்து, பழைய ஊசித் துளைகளின் வழியாகவே கையால் தைக்க வேண்டும். தையல் இயந்திரத்தில் கொடுத்தால் புதிய துளைகள் வரிசையாக விழுந்து, காய்ந்த நார் அந்த வரிசையிலேயே கிழியும். முத்திரைச் சீட்டும் ரிப்பனும் சூடாக்கி ஒட்டும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால், கார் சூட்டில் அவை நழுவும். மறுபடியும் ஒட்டாமல் தைத்துவிடுவதே நிலைக்கும்.

ஈரத்துண்டில் சுற்றி ஓர் இரவு வைத்த பின்னும் இலைநார் வளைக்கும்போது ஒடிந்தால், அந்தத் தொப்பியைச் சரிசெய்ய இயலாது. வெடித்து உதிரும் பிளாஸ்டிக் இழைக்கும் மருந்து இல்லை. அப்போது உள்பட்டை, ரிப்பன், விளிம்புக் கம்பி, தாடை நாடா ஆகியவற்றைத் தையல் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டால், அதே அளவுள்ள அடுத்த தொப்பிக்கு அப்படியே பயன்படும்.